ஏணியிலிருந்து விழாதவர்கள்

நெயாஃபு, வவாவு தீவு
பிப்ரவரி 6

அன்புள்ள தம்பி செமிசிக்கு,

ஞாயிறு தோறும் உன் பேரைச் சொல்லித்தான் நம் வீட்டு ஜெபம் முடிகிறது. ஆஸ்திரேலியப் பழத்தோட்டத்து வெயில் உன்னை அதிகம் வாட்டவில்லை என்று நம்புகிறேன். அப்பாவின் முழங்கால் வலி மழைக்கு ஏறுகிறது, வெயிலுக்கு இறங்குகிறது. நான் நலம்.

கடலடிக் கேபிள் அறுந்ததிலிருந்து எங்களுக்கு இன்டர்நெட் இல்லை. போன் பேச வேண்டுமானால் துறைமுகத்துக்கு மேலே உள்ள மேட்டில் வரிசையில் நிற்க வேண்டும். பின்னால் நிற்பவர்கள் நம் பேச்சுக்கு "ஆமாம்" போடுகிறார்கள். போன வாரம் ஒரு பெண் நியூசிலாந்தில் இருக்கும் புருஷனோடு சண்டை போட்டாள்; வரிசையே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். சட்ட மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன். ஜூலை கடைசியில், தலைநகரில். சிரித்துவிட்டு மேலே படி. முப்பத்தாறு வயதில் எதற்கு என்று கேட்பாய். இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் யாராவது ஒருவர் எழுந்து "ஆகவே" என்கிறார், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். அந்த "ஆகவே"க்கு முன்னால் ஓர் ஓட்டை இருப்பது எனக்குத் தெரிகிறது. அதைச் சொல்ல ஒரு இடம் வேண்டும்.

தேர்வில் எனக்குச் சிக்கலான பகுதி தர்க்கக் கேள்விகள். ஒரு வாதத்தைக் கொடுத்து, இதைப் பலவீனப்படுத்துவது எது, இது எதை நம்பி நிற்கிறது என்று கேட்பார்கள். ஐந்து விடை. அதில் இரண்டு சரி மாதிரியே முறைக்கும். பயிற்சிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஆனால் விடைகள் இருந்த கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. கேள்வியை எனக்கும் விடையை அதற்கும் பங்கு போட்டிருக்கிறான் கடவுள்.

ஷெப்பர்டனில் நூலகம் இருக்கிறதா? அதே புத்தகம் இருந்தால் என் விடைகளைச் சரிபார்த்து எழுது. கேள்விகளையும் என் விடைகளையும் பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அங்கே நம் ஊர்க்காரர்களிடம் நீயும் சொல்லாதே.

உன்னை எண்ணியபடி,
அக்கா லெசியெலி


ஷெப்பர்டன்
மார்ச் 3

என் மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று ஆரோக்கியமும் சேர்ந்து வந்தது. இருமல் போய்விட்டது. அப்பாவை முழங்காலில் தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொல். அவர் தேய்த்தேன் என்று பொய் சொல்வார், கையை முகர்ந்து பார்.

சொல்லாதே என்றாய். நான் சொல்லவில்லை. மனாசே என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டான். அவனோடு ஒரே அறையில் இருப்பது வானொலியோடு இருப்பது போல. இப்போது வீடு முழுக்கத் தெரியும். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் கேள்விதான் வேண்டுமாம்.

நூலகத்தில் புத்தகம் இருக்கிறது. நிரந்தர முகவரி இல்லாததால் எனக்கு இரவல் தர மாட்டார்கள். சனிக்கிழமை மதியம் பேரிக்காய்ச் சாறு ஒட்டிய கையைக் கழுவிவிட்டு, மூன்று மைல் நடந்து போய் அங்கேயே உட்கார்ந்து பார்க்கிறேன்.

உன் நாய்க் கேள்வியைச் சாப்பாட்டு மேசையில் படித்தேன். ஒரு தீவில் நாய்கள் இரண்டு மடங்காயின, அதே வருஷம் திருட்டு பாதியாகக் குறைந்தது, ஆகவே நாய்களால்தான் திருட்டு குறைந்தது. இதைப் பலவீனப்படுத்துவது எது?

மனாசே கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "இதுல என்னடா யோசனை? சில நாய் குரைக்காதுன்னு போட்டிருக்கே, அதான். எங்க வீட்டு நாய் திருடனுக்கு வழி காட்டும், போகும்போது வாலாட்டி வழியனுப்பும்."

"உங்க நாய் உன்ன மாதிரி இருந்தா நாங்க என்ன பண்றது?" என்றான் ஒருவன்.

ஓட்டெடுப்பு நடந்தது. குரைக்காத நாய் அமோகமாக ஜெயித்தது. சனிக்கிழமை போய்ப் பார்த்தால், நீ எழுதியதுதான் சரி: திருடர்கள் பெரும்பாலும் பக்கத்துத் தீவுப் படகுகளில் வந்தவர்கள், அந்த வருஷம்தான் படகுகள் நின்றுபோயின. மனாசே புத்தகத்தின் மேல் கோபமாக இருக்கிறான்.

ஒன்றில்தான் தவறிவிட்டாய். பேருந்துக் கேள்வி. நீலப் பேருந்து பற்றிப் புகார் அதிகம், சிவப்பு பற்றிப் புகாரே இல்லை, ஆகவே நீலம் மோசம். நீ "சிவப்புப் பேருந்து நிறுவனத்தில் புகார் வாங்க ஆளே இல்லை" என்பதைத் தேர்ந்தாய். புத்தகம் "நீலத்தில் பல மடங்குப் பயணிகள் போகிறார்கள்" என்கிறது. ஆள் இல்லாவிட்டாலும் மக்கள் எப்படியாவது புகாரைச் சொல்லிவிடுவார்களாம்.

உன் தம்பி,
செமிசி


நெயாஃபு
மார்ச் 28

அன்புத் தம்பிக்கு,

நீயும் உன் அறை வானொலியும் சுகமா? இங்கே இருவரும் சுகம். அப்பாவின் கையை முகர்ந்தேன். எண்ணெய் இல்லை, புகையிலை இருந்தது.

பேருந்து விடையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புத்தகத்துக்கு இதைச் சொல்லிவிடு. "மக்கள் எப்படியாவது சொல்லிவிடுவார்கள்" என்று எழுதியவர் எங்கள் பள்ளியில் ஒரு வாரம் வேலை பார்த்திருக்க வேண்டும். புகார் இல்லை என்பதற்கும் குறை இல்லை என்பதற்கும் நடுவில் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள்! தேர்வில் வந்தால் அவர்கள் கேட்கிற விடையைப் போடுவேன். மனசில் என் விடைதான்.

தலைமை ஆசிரியர் கிட்டியோனேயிடம் ஜூலையில் ஒரு வாரம் லீவு கேட்டேன். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "லெசியெலி, இந்தப் பள்ளிக்கூடத்திலேர்ந்து மூணு டீச்சர் வெளிய படிக்கப் போனாங்க. மூணு பேரும் திரும்பல. ஆகவே நீயும் திரும்பமாட்ட. போறவளுக்கு நான் எதுக்கு லீவு தரணும்?"

ஆகவே! வாய் ஊறியது எனக்கு.

"சார், அவங்க மூணு பேரும் திரும்பி வரணும்னு கேட்டாங்களா இல்லையா?"

"கேட்டாங்க. இடம் இல்லன்னு சொல்லிட்டோம்."

"அப்ப அவங்க வராம இருந்தாங்களா, நீங்க வரவிடாம இருந்தீங்களா?"

முகம் சிவந்து, "இந்த மாதிரிப் பேச்சுக்குத்தான் படிப்பா?" என்றார். ஆமாம் சார், இந்த மாதிரிப் பேச்சுக்குத்தான் என்றேன். லீவு கிடைக்கவில்லை. ஜூலைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறேன், உன் வீட்டுக்காரர்களுக்கும் சொல். வாதம் எதை நம்பி நிற்கிறது என்று கேட்டால், ஒவ்வொரு விடையையும் "இல்லை" என்று மாற்றிப் பார். எதை மாற்றினால் வாதம் பொத்தென்று விழுகிறதோ, அதுதான் அதன் கால். மற்றதெல்லாம் அலங்காரம்.

இன்னும் பத்துக் கேள்விக்கு விடை அனுப்பியிருக்கிறேன். தொப்பி போட்டுக்கொள்.

எப்போதும் உன் நினைவில்,
அக்கா


ஷெப்பர்டன்
மே 16

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். கை கொஞ்சம் களைப்பாக இருப்பதால் மனாசே எழுதுகிறான்.

உன் பத்தில் எட்டு சரி. தவறானவற்றைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

இங்கே நூலகத்தில் உள்ளது வேறு பதிப்பு போல. உன்னிடம் இல்லாத ஒரு கேள்வி இருந்தது. அதை அனுப்புகிறேன், நேரம் கிடைத்தால் செய்து பார்:

ஒரு தோட்டத்தில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பயிற்சி, ஒரே மாதிரி ஏணி. முப்பத்தொன்பது பேர் விழவில்லை. ஒருவன் விழுந்தான். ஆகவே அவன் ஏணியைச் சரியாக வைக்கவில்லை, தவறு அவனுடையது.

இதைப் பலவீனப்படுத்துவது எது? விடைகள் இருந்த பக்கம் கிழிந்திருக்கிறது.

அப்பாவுக்கு என் வணக்கம்.
செமிசி


நெயாஃபு
ஜூன் 5

செமிசி,

உடம்பு எப்படி இருக்கிறது என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. கேட்கிறேன். பதில் சொல்.

முதலில் கேள்வி. "ஒரே மாதிரி ஏணி" என்பதுதான் இந்த வாதத்தின் கால். அதை மாற்றிப் பார். அவன் ஏணி மட்டும் பழுதாக இருந்தால் வாதம் விழுகிறது. அதனால் கேட்க வேண்டியது: ஏணிகளை யார் சோதித்தார்கள், எப்போது? விழுந்த ஏணி இப்போது எங்கே? அடுத்தது, "முப்பத்தொன்பது பேர் விழவில்லை." விழவில்லையா, விழுந்ததைச் சொல்லவில்லையா? இரண்டும் ஒன்றில்லை.

இனி என் கேள்வி. ஒரு தம்பியின் கடிதம் வேறு கையெழுத்தில் வருகிறது. காரணம் என்ன?

அ. கை களைப்பு. களைப்பு ஒரு சனிக்கிழமையில் போகும். நீ ஒன்றரை மாதம் எழுதவில்லை.
ஆ. சோம்பல். மூன்று மைல் நடந்து நூலகத்துக்குப் போகிறவனுக்குச் சோம்பலா?
இ. மனாசேக்கு எழுத ஆசை. அப்படியானால் கடிதத்தில் மனாசேயின் ஒரு கோணங்கியாவது இருந்திருக்கும். ஒரு சொல்கூட இல்லை. அவன் வாயை மூடிக்கொண்டு எழுதியிருக்கிறான். எனக்கு அதுதான் பயம்.
ஈ. என்மேல் கோபம். கோபக்காரன் என் பத்து விடையையும் திருத்தி அனுப்ப மாட்டான்.
உ. எழுதும் கை உடைந்திருக்கிறது.

அந்தக் கேள்வி எந்தப் பதிப்பிலும் இல்லை, தம்பி. புத்தகக் கேள்விகளில் யாருக்கும் வலிக்காது.

எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. உடனே எழுது. மனாசே, நீ இதைப் படித்துக் காட்டிக்கொண்டிருப்பாய் என்று தெரியும். உனக்கும் சொல்கிறேன், உண்மையை எழுது.

லெசியெலி


ஷெப்பர்டன்
ஜூன் 27

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் உயிரோடும் பசியோடும் இருக்கிறேன். (சாப்பாடு நான் ஊட்டவில்லை, அவனே இடது கையால் வாரிப் போட்டுக்கொள்கிறான், பார்க்கச் சகிக்கவில்லை. மனாசே.)

உ தான் சரி. ஏப்ரலில் கடைசிப் பேரிக்காய் வரிசையில் விழுந்தேன். வலது மணிக்கட்டு. கட்டுப் போட்டிருக்கிறார்கள். அக்காவிடம் அடிபட்டேன் என்று புலம்புவது தம்பிக்கு அழகா? அதுவும் நீ தேர்வுக்குப் படிக்கிற நேரத்தில். சொன்னால் நீ புத்தகத்தை மூடிவிட்டு மேட்டில் போன் வரிசையில் போய் நிற்பாய். அதனால் மறைத்தேன்.

எங்கள் ஏணிக்கு மூன்று கால். மூன்றாம் காலை முன்காலோடு பிடித்துவைக்கிற சங்கிலி அறுந்து, அதற்குப் பதில் கம்பி சுற்றியிருந்தது. நான் மேலே ஏறியதும் கம்பி நழுவியது. மறுநாளே அந்த ஏணியைக் காணோம். மேற்பார்வையாளர் டெரி ஒரு காகிதம் கொண்டு வந்தார். நான் ஏணியைத் தவறாக வைத்தேன் என்று அதில் இருக்கிறது. போட்டால் அடுத்த பருவத்துக்கு என் பேர் இருக்கும், போடாவிட்டால் "பார்க்கலாம்". ஒப்பந்தக்காரர் நம் ஊரிலிருந்து இனி ஆளே எடுக்காமல் போகலாம் என்றும் காதில் போட்டார்.

போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். போடுவதற்கு முன் ஒருமுறை உன்னிடம் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. கேட்கவும் வெட்கம். அதனால் புத்தகத்தின் மேல் பழியைப் போட்டேன்.

(அக்கா, நான் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் அவன் கத்தியதுதான். இடது கையில் முள்கரண்டி வைத்திருந்தான். மனாசே.)

இப்போது ஊர்க்காரர்களில் சிலர் என்னோடு பேசுவதில்லை. என்ன செய்யட்டும்?

உன் தம்பி


நெயாஃபு
ஜூலை 15

அன்புத் தம்பிக்கு,

உன் மணிக்கட்டுக்காக அப்பா தினமும் தனியாக ஜெபம் செய்கிறார். சத்தமில்லாமல். உதடு அசைவதை வைத்துத் தெரிந்துகொண்டேன். ஆமாம், அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், என் தேர்வையும் சேர்த்து. கழன்று தொங்கிய வனிலாக் கொடியை எடுத்துக் கட்டினார். பிறகு, "அவன் எந்தக் கையில எழுதுவான்?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

கிட்டியோனே நம் வீட்டுக்கு வந்திருந்தார். மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். என் லீவுப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. இருபத்தைந்தாம் தேதி கப்பலில் கிளம்புகிறேன். அதைப் பற்றிக் கவலைப்படாதே.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். விழுந்தவன் நீ. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் கேள்விகளைக் கேட்டுவிடு. தனியாகக் கேட்காதே, எல்லாரும் இருக்கும்போது கேள். பதில் சொல்ல அவர்களுக்கு நேரம் கொடு. பதில் வராவிட்டால் மறுபடி அதே கேள்வியைக் கேள். கோபப்படாதே. கோபப்பட்டால் உன் கோபத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், ஏணி தப்பித்துவிடும்.

கட்டைத் தண்ணீரில் நனைக்காதே.

அன்போடு,
அக்கா


ஷெப்பர்டன்
ஆகஸ்ட் 12

அக்கா,

நீ கடலிலும் தேர்விலும் தப்பித்து வீடு வந்து சேர்ந்திருப்பாய் என்று வேண்டிக்கொள்கிறேன். கட்டு அவிழ்த்துவிட்டார்கள். கோணல்மாணலாக இருந்தாலும் இது என் கையெழுத்து.

திங்கள் காலை எல்லாரும் கொட்டகையில் கூடியிருந்தோம். டெரி அந்தக் காகிதத்தோடு வந்தார். நான் எழுந்தேன். 

"சொல்லு, என்ன யோசனை?" என்றார் அவர். "நாப்பது பேருக்கும் ஒரே பயிற்சி, ஒரே ஏணி. நீ ஒருத்தன்தான் விழுந்த. அப்ப தப்பு யார் மேல?"

"ஒரே ஏணின்னு யார் பாத்தாங்க?"

"பாப்பாங்க. அதுக்கு ஆள் இருக்கு."

"யாரு?"

அவர் காகிதத்தைப் புரட்டினார். "அது ஆபீஸ் விஷயம்."

"சரி. நான் விழுந்த ஏணி இப்ப எங்க?"

"செமிசி, நல்ல பையன்டா நீ. எதுக்கு இதெல்லாம்?"

"அந்த ஏணி எங்க சார்?"

மூன்றாம் முறையும் கேட்டேன், அதே குரலில். கோபப்படவில்லை.  பிறகு கேட்டேன்: "முப்பத்தொம்பது பேர் விழலன்னு சொல்றீங்க. விழலையா, விழுந்தத சொல்லலையா?"

அப்போது மனாசே எழுந்தான். "நான் விழுந்தேன். மார்ச்ல. முதுகுல தழும்பு இருக்கு. சட்டையக் கழட்டட்டுமா?"

"வேண்டாம்," என்றார் டெரி.

"பரவால்ல சார், எனக்கு வெக்கமில்ல."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்திருக்க வேண்டும். பின் வரிசையில் ஒரு கை. அப்புறம் இன்னொன்று. என்னோடு ஒரு மாதமாகப் பேசாமல் இருந்த ஒருவனும் கையைத் தூக்கினான், என்னைப் பார்க்காமலே. நான் எண்ணவில்லை. டெரி எண்ணினார். உதடு அசைந்தது.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வேறு காகிதம் வந்தது. ஏணி பழுது என்று அதில் இருக்கிறது. அதில்தான் கையெழுத்துப் போட்டேன். கம்பி சுற்றிய ஏணிகளையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. மறுவாரம் டெரி என்னையும் மனாசேயையும் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த பருவத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மற்றவர்களைப் பற்றி இன்னும் முடிவு இல்லையாம்.

மனாசே சொல்கிறான்: "போகுது விடு. இந்த ஊர் ரொட்டிய இன்னொரு வருஷம் தின்னா பல்லு விழுந்துடும்." ஆனால் அன்று சாயங்காலம் அவன் யாரோடும் பேசவில்லை.

இப்போது நான் கேட்க வேண்டியது. மனாசேயின் அம்மா மேட்டிலிருந்து போன் செய்தாள். "பாவம் லெசியெலி, வேலையும் போச்சு" என்றாளாம். உன் லீவுப் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதினாயே, எப்படித் தீர்ந்தது? மழையைப் பற்றிப் பேச கிட்டியோனே எதற்கு நம் வீட்டுக்கு வர வேண்டும்? என்னிடம் ஐந்து விடை இல்லை. ஒன்றுதான் இருக்கிறது. அது சரியாக இருந்தால் நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன்.

செமிசி


நெயாஃபு
செப்டம்பர் 4

என் அன்புத் தம்பிக்கு,

உன் கோணல் எழுத்தைப் பார்த்ததும் அப்பா அதை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் படிக்கவில்லை, வெறுமனே பார்த்தார். நாங்கள் இருவரும் நலம்.

உன் ஒரே விடை சரி. கோபப்படு, உனக்கு உரிமை இருக்கிறது. நான் சொல்வதையும் கேள்.

கிட்டியோனே நம் ஊர்த் தேர்வுக் குழுவிலும் இருக்கிறார் இல்லையா, தோட்டத்துக்கு ஆள் பொறுக்கி அனுப்புகிற குழுவில். ஜூலையில் அவர் வந்து பாயில் உட்கார்ந்து, மழையைப் பற்றி நிஜமாகவே கொஞ்சம் பேசினார். பிறகு சொன்னார்: "உன் தம்பி கையெழுத்துப் போடமாட்டேங்கறானாம். ஒருத்தன் பிடிவாதத்துக்கு இருபது குடும்பமா? அவன் போடாட்டா நம்ம ஊர்ப் பசங்கள அவங்க கூப்பிடவே மாட்டாங்க. நீ சொன்னா கேப்பான். அக்கா பேச்சத் தட்டமாட்டான். நீ ஒரு வரி எழுது. உன் லீவ நான் பாத்துக்கறேன்."

"ரெண்டும் ஒரே கூடையில வருதா சார்?"

"எப்படி வேணா வெச்சுக்க."

"அப்ப லீவு வேண்டாம்."

"லீவு இல்லாம போனா, திரும்பி வரும்போது உனக்கு வகுப்பு இருக்காது."

"இருக்காதுன்னு இப்பவே எழுதிக் குடுத்துடறேன்," என்றேன். அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இப்படித்தான் தீர்ந்தது லீவுப் பிரச்சினை. நான் பொய் எழுதவில்லை.

உனக்கு ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் என் வேலைக்காக நீ கையெழுத்துப் போட்டிருப்பாய். என் தேர்வுக்காக நீ உடைந்த கையை மறைத்தாய். நம் இருவரில் யார் அதிக மடையர் என்பதை மனாசே ஓட்டெடுத்துச் சொல்லட்டும்.

அதற்குப் பிறகு ஊரில் சுகமில்லை. இருபது குடும்பத்தில் பாதி என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போனார்கள். கோயிலில் எங்கள் வரிசையில் அப்பாவும் நானும் மட்டும், இரண்டு பக்கமும் காலிப் பலகை. அப்பா நடுவில் நகர்ந்து உட்கார்ந்து, கையை அகலமாக விரித்துக்கொண்டு பாடினார். அவருக்கு அவ்வளவு குரல் இருப்பது எனக்கே தெரியாது.

கப்பலில் வாந்தி எடுத்தேன். தேர்வு அறையில் என்னைச் சுற்றி இருபது வயதுப் பிள்ளைகள். கண்காணிக்க வந்த பெண், நான் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விட வந்தவள் என்று நினைத்து, "அம்மாமார் வெளியில நிக்கணும்" என்றாள். "நான் எழுத வந்தவ" என்றேன். தர்க்கப் பகுதி வந்ததும் பயம் போய்விட்டது. ஒவ்வொரு "ஆகவே"யிலும் எனக்குக் கிட்டியோனேயின் குரல் கேட்டது. எல்லாவற்றிலும் ஓட்டை தேடினேன். இரண்டு கேள்விக்கு நேரம் போதவில்லை, குருட்டாம்போக்கில் போட்டேன்.

முடிவு நேற்று வந்தது. தபால்காரர் உறையைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். அவர் பையனும் தோட்ட வேலைக்குப் பேர் கொடுத்திருக்கிறான், அதனால் அவர் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் நின்றார். "கெடச்சிடுச்சு" என்றேன். தொப்பியைக் கழற்றிவிட்டு, அப்போதும் பேசாமல் போனார்.

ஆமாம், தம்பி. வெளிநாட்டில் சட்டம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, உதவித்தொகையோடு. பிப்ரவரியில் வரச் சொல்கிறார்கள்.

உன்னையும் மனாசேயையும் பட்டியலிலிருந்து எடுத்ததை நினைத்தால் இந்தச் சந்தோஷம் முழுசாக இல்லை. நீ கையெழுத்துப் போட்டிருக்கலாம் என்று மட்டும் ஒருநாளும் நினைக்கவில்லை.

உன் அக்கா,
லெசியெலி


நெயாஃபு
செப்டம்பர் 25

மகன் செமிசிக்கு அப்பா எழுதுவது.

முழங்கால் பரவாயில்லை. உன் கையை மடக்கி நீட்டிப் பழக்கு. வலித்தாலும் பழக்கு.

நான் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. உன் அக்கா கடைக்குப் போயிருக்கிறாள். அவள் இதை எழுத மாட்டாள் என்பதால் நான் எழுதுகிறேன்.

அடுத்த பருவத்துக்கான பட்டியல் வந்துவிட்டது. நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருடைய பேரும் இருக்கிறது. உன் பேரும் மனாசே பேரும் மட்டும் இல்லை. நீ கையெழுத்துப் போடாவிட்டால் யாரையும் கூப்பிட மாட்டார்கள் என்று கிட்டியோனே சொன்னது நடக்கவில்லை. அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. நம்மைக் கண்டு ஒதுங்கிப் போனவர்கள் இப்போது வணக்கம் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். இரண்டு மூன்று பேருக்கு மட்டும் மெதுவாகச் சொல்கிறேன்.

நேற்று கிட்டியோனே வந்தார். பள்ளியில் இங்கிலீஷ் நடத்த ஆள் கிடைக்கவில்லையாம். "லெசியெலிய மறுபடி சேத்துக்கறேன்" என்றார். "வயசுப் பொண்ணு அவசரப்பட்டுப் பேசிட்டா, மறந்துடறேன். நீங்க முறைப்படி ஒரு நல்ல பாய் கொண்டுவந்து வெச்சு மன்னிப்பு கேட்டா போதும். குழுவுக்கு முன்னால. செமிசி பேரையும் அடுத்த வருஷம் பாக்கலாம்."

உன் அக்கா உள்ளேயிருந்து வந்தாள். வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டினேன், அவள் நின்றுவிட்டாள். முப்பத்தாறு வருஷத்தில் அவள் என் கைக்கு நின்றது இதுதான் முதல் தடவை.

நம் வீட்டில் ஒரே ஒரு நல்ல பாய்தான் இருக்கிறது, உனக்குத் தெரியும். நம் வழக்கப்படி உன் அம்மா கல்யாணத்தில் உடைக்கு மேல் இடுப்பில் சுற்றிக் கட்டியது. அதை எடுத்து வந்து கிட்டியோனேக்கு முன்னால் விரித்தேன். அவர் தொட்டுப் பார்த்தார். நல்ல பின்னல் என்றார்.

"ஆமா," என்றேன். "பிப்ரவரில இவ விமானம் ஏறும்போது கட்டிக்கிட்டுப் போறதுக்கு எடுத்து வெச்சிருக்கேன். மடிப்புல பூச்சி அரிச்சிருக்கான்னு பாக்கத்தான் விரிச்சேன்."

 நாங்கள் அவருக்குத் தேநீர் கொடுத்தோம். குடித்துவிட்டுப் போனார்.

பாயில் பூச்சி இல்லை. வெயிலில் காய்கிறது.

அக்டோபரில் நீ வரும்போது வனிலா பூத்திருக்கும். காய் பிடிக்க ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தைக் கையால் சேர்த்துவைக்க வேண்டும், எனக்குக் கண் சரியில்லை. மனாசேயையும் கூட்டிக்கொண்டு வா. அவனுக்கும் வேலை இருக்கிறது.

அப்பா